ஜுனைட்டின் நீண்ட வுழு

“வாப்பா, நீங்க கழுவுற தண்ணியெல்லாம் எங்க போகுது?” என்று அம்ஹா கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி வுழு எடுக்கும் குழாய்களின் கீழே ஓடிய வடிகானைப் பார்த்துத்தான் கேட்டாள். ஜுனைட்டுக்கும் அதைப் பார்க்க ஆசை வந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கானோடு நடந்தான். மதில் ஓட்டையால் வெளியே வந்து, அவனுடைய வேலியோரத்திலேயே அந்தத் தண்ணீர் சும்மா தேங்கி நின்றது.

அவன் அந்த இடத்திலேயே அல்ஹம்துலில்லாஹ் சொன்னான். காரணம் இருந்தது. அவன் மனைவி சுஹறா, “இனிக் கடை மரக்கறி இந்த ஊட்டுக்குள்ள வராது” என்று சொல்லிவிட்டு, மணல் வளவில் சொறிக்கல்முனையிலிருந்து கொண்டுவந்த மாட்டெருவைக் கொட்டிக் கத்தரியும் வெண்டியும் பயிற்றையும் நட்டிருந்தாள். ஜுனைட்டின் மூத்த சகோதரி ஸகியா ராத்தா வந்து பார்த்துச் சிரித்தாள்.

“நிந்தவூர் மணலில கத்தரியா? சிப்பி வேணுமெண்டா பொறுக்கலாம் மச்சி.”

“கச்சான் காத்து ஓயட்டும், ராத்தா. ஒரு வெள்ளிக்கிழமை சோறு தின்ன வாங்க. எல்லாக் கறியும் இந்த வளவாலதான். ஒரு கறி குறைஞ்சாலும் அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கமாட்டன்.”

சொன்ன சொல் அப்படி. ஆனால் அந்த வறண்ட கோடைக் காற்று, கச்சான், அடித்த வேகத்தில் கிணறு உவர்த்துப்போனது. செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. சுஹறா ஒவ்வொரு பொழுதும் பாத்திகளுக்கு நடுவே போய் நின்றுவிட்டு வந்தாள். அதைப் பார்க்க ஜுனைட்டுக்கு மனம் பொறுக்கவில்லை.

வேலியோரத்துத் தண்ணீரைக் கண்ட அன்றே பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மாரிடம் கேட்டான். “சும்மா போற தண்ணிதானே, எடுங்க” என்றார்கள். வேலிக்குக் கீழே வாய்க்கால் வெட்டினான். சவர்க்காரம் படாத தண்ணீர். ஒவ்வொரு தொழுகைக்கும் ஒரு பாய்ச்சல். வாடிய கத்தரி நிமிர்ந்தது.

ஆனாலும் தண்ணீர் பாதிப் பாத்தியோடு நின்றுவிடும். பகலில் தொழ வருகிறவர்கள் குறைவு. அந்த நாட்களில்தான் ஜுனைட்டின் வுழு நீளத் தொடங்கியது. மூன்று முறை கழுவ வேண்டிய கையை அவன் மூன்று முறைதான் கழுவினான்; இடையில் குழாய் திறந்தபடியே கிடந்தது. தலையைத் தடவிவிட்டு, ஏதோ யோசனைபோல வேலிப் பக்கம் எட்டிப் பார்ப்பான். கடைசிப் பாத்தி நனைந்த பிறகுதான் காலுக்கு வருவான்.

கச்சான் ஓய்ந்து, சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டில் பாய் விரித்தார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, வெண்டிக்காய்ப் பொரியல், பயிற்றங்காய், முருங்கைக்கீரைச் சுண்டல். குசினிக்குள்ளிருந்து ஸகியாவின் குரல் கேட்டது.

“கத்தரிக்காயில இன்னொரு அகப்பை போடு மச்சி. மணலெண்டு சொன்ன வாய அடைக்கணுமே.”

சுஹறா சிரித்த சிரிப்பு வாசல் வரைக்கும் வந்தது. அதைக் கேட்டு ஜுனைட் நிறைந்துபோயிருந்த வேளையில், விருந்துக்கு வந்திருந்த, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் முகைதீன்பாவா கையை உதறிக்கொண்டு சொன்னார்:

“இந்த மஹல்லாவுல நம்மட ஜுனைட் மாதிரிப் பேணி வுழு எடுக்கிற ஆளில்ல. மத்தவன் ரெண்டு ரக்அத் தொழுது முடிப்பான், இவர் இன்னும் முழங்கையிலதான் நிப்பார்.”

எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஜுனைட்டுக்குப் புரை ஏறியது.

விருந்தாளிகள் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சுஹறா நிலத்தில் குந்திவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

“அப்ப உங்கட பேணுதலையா ராத்தா ரெண்டு அகப்பை திண்டா?”

பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “ஓடிவாற தண்ணிய எடுக்கத்தான் மரைக்கார்மார் சொன்ன. நீங்க திறந்துவிட்டது பள்ளிட தண்ணி. ஆத்தங்கரையில நிண்டு வுழு எடுத்தாலும் வீண்விரயம் கூடாது.”

“ஓம். எனக்கும் அதுதான் உறுத்துது. தண்ணிய எப்பிடித் திருப்பிக் குடுக்கிற?”

“குடுக்கிற நிய்யத்த வைங்க. வழிய அல்லாஹ் காட்டுவான்.”

அன்றைய அஸர் தொழுகைக்கே அவன் வுழு சுருங்கியது. “இண்டைக்கு என்ன அவசரம்?” என்று மோதினார் கேட்டார். ஜுனைட் புன்னகைத்துவிட்டு உள்ளே போனான்.

மாரிகாலம் பிறந்தது. கிணறு நல்ல தண்ணீரோடு கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. வளவில் பூசணிக் கொடி வேலியேறியது. ஒரு நாள் முற்பகல், பள்ளிவாசலில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய்த் தொட்டி வறண்டு கிடந்தது. அதைத் திருத்த ஆள் தேடி முகைதீன்பாவா கல்முனைக்குப் போயிருந்தார். சுஹறா மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மழைக்குப் பயந்து ஒழுங்கையில் ஆளில்லை.

ஜுனைட் சாரனை மடித்துக் கட்டினான். இரண்டு கையிலும் வாளி. கிணற்றடியிலிருந்து பள்ளியின் பின்கதவால் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து கிணற்றடிக்கு. தோள் கடுத்தது, மழை முகத்தில் அடித்தது, அவனுக்குச் சிரிப்பாக வந்தது. குழாய்களுக்கு மேலே தண்ணீர் ஏறிய பிறகும் அவன் நிறுத்தவில்லை. விளிம்பைத் தொடும்வரை ஊற்றினான்.

முன்வாசலில் மோதினாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஜுனைட் வாளிகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் பின்கதவால் வெளியேறினான்.