சத்தம் போடாத கம்ப்யூட்டர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பக்கத்து வீட்டு வெண்டல் போன ஞாயிறு என் சமையலறையில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டே ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொன்னான். அவன் போனதும் கோப்பையைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

அமெரிக்காவின் டுலூத் நகரில் பனி கொட்டிய ஒரு மாலையில், இசையை உயிராக நேசித்த ஒருவர்...

அடித்துவிட்டேன். உயிராக நேசித்தவராம்.

2

வெண்டல் பாட்டு கேட்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் செய்தான். ஃபேன் கிடையாது, சூட்டை இழுத்துக்கொள்ளக் கனத்த அலுமினியப் பெட்டி. திரை கிடையாது, பாட்டைத் தவிர வேறு வேலையும் கிடையாது. காதை ஒட்டி வைத்தாலும் ஒன்றும் கேட்காது. [இதுவரை அவனைக் குறை சொல்ல எதுவுமில்லை. நல்ல வேலைதான்.]

கம்ப்யூட்டர் வாயை மூடியதும் வீடு வாயைத் திறந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியது. அதை அணைத்தான், திரும்பப் போட மறந்துவிடக் கூடாதென்று கார் சாவியை உள்ளே பால் பக்கத்தில் வைத்தான்.* ஹீட்டரையும் அணைத்தான். மிச்சமிருந்தது மனைவி ஆர்லிஸின் மெஷின் இரைச்சல். நுரையீரல் கெட்டுப்போனவள், மூக்குக்குழாய் வழியே ஆக்ஸிஜன் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாரிக்கும்.

* பாட்டுப் பைத்தியங்களின் வழக்கம். சாவி இல்லாமல் கார் நகராது, அதனால் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும்.

3

"ஒரே ஒரு பாட்டு முடியிற வரைக்கும்தான், ஆர்லிஸ். செல்லோ வாசிக்கிறவ வில்லைத் தந்தியில வைக்கிறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பா. பதிவுல இருக்கு. அதைக் கேக்கணும்."

[கதைக்கு இது ரொம்ப வசதியாக அமைந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். இருமல், நாற்காலிச் சத்தம் என்றெல்லாம் மாற்றிப் பார்த்தேன். அவன் என் வீட்டில் சொன்னது மூச்சைத்தான்.]

"ஹெட்போன்ல கேளேன்."

"அது வேற."

"சரி, அந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டி விடு."

"அதுவும் சீறுதே."

"எவளோ ஒருத்தி மூச்சைக் கேக்கறதுக்கு என் மூச்சை நிறுத்தணும். நல்லா இருக்குடா." அவள் சிரித்தாள், சிரிப்பிலேயே இளைத்தது. "பால் கெட்டுடும்னு சாவியை வைக்கிற. என்னை அணைச்சா எதை வைப்ப?"

அவன் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. எதை வைக்கலாம் என்று யோசித்தான். எனக்கு ரத்தம் கொதிப்பது அந்த யோசனையை நினைத்துத்தான்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். வெண்டல் மனம் திருந்திக் கம்ப்யூட்டரை விற்கிறான்: பொய். ஆர்லிஸ் அதைத் தூக்கிப் பனியில் எறிகிறாள்: எனக்குப் பிடித்த முடிவு, ஆனால் அந்தக் கனத்தை அவளால் தூக்க முடியாது.

உண்மையில் அவளே கையை நீட்டி மெஷினை அணைத்தாள்.

"கேளு. நல்லாக் கேளு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இதைத்தான் என்னிடம் பெருமையாகச் சொன்னான்: "அவளே அணைச்சா, தெரியுமா?" பிறகு செல்லோவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவள் எப்படி இருக்கிறாள் என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

5

என் கதையில் மெஷின் இன்னும் அணைந்தே கிடக்கிறது. அழகான கடைசி வரிக்காக நான் எவ்வளவு நேரம் தேடுகிறேனோ அவ்வளவு நேரமும் ஆர்லிஸ் மூச்சுக்குத் தவிப்பாள். வெண்டல் செய்ததும் இதுதான். நான் தேடப்போவதில்லை. அவன் கண் மூடியிருக்கிறது, அவளுக்கு இனி கையைத் தூக்கத் தெம்பில்லை. நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். வாசித்தது போதும், போய் ஸ்விட்சைப் போடுங்கள்.