தையலைச் சுற்றிய சிவப்பு

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் காலையில் மாப்பிள்ளை சட்டையைத் தூக்கிக் காட்டினான். அவன் அடிவயிற்றில் ஏழு தையல். நேற்று லேசாகச் சிவந்திருந்த தோல் இன்று செங்கல் நிறத்தில் தடித்துக் கிடந்தது. அங்கங்கே ஊசிமுனை அளவுக்கு நீர்க்கொப்புளம் வேறு.

மாப்பிள்ளை என்றால் என் மனைவியின் தம்பி. லாரி ஓட்டுகிறவன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து, மூன்றாம் நாளே கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஆன்டிபயாடிக் களிம்பும் அதைப் பூசத் தட்டையான மரக்குச்சிகளும் கொடுத்து, "தையல் மேல மட்டும், லேசா, ரெண்டு வேளை" என்று நர்ஸ் சொன்னார். என் மனைவிக்குப் புண்ணைப் பார்த்தாலே தலை சுற்றும். "நான் பாத்துக்கறேன்" என்று பொறுப்பை நான்தான் வாங்கிக்கொண்டேன்.

நான் சுவர் பூசுகிறவன். லேசாகப் பூசிய பூச்சு எந்தக் காலத்தில் நின்றிருக்கிறது? வெடிப்பு ஒரு விரல் என்றால் சுற்றி நாலு விரல் சேர்த்துப் பூசித்தான் பழக்கம். களிம்பையும் அப்படியே தையலுக்கு இரண்டு பக்கமும் அகலமாக இழுத்து, குச்சியாலேயே நேராக ஓரம் கட்டிவிட்டேன். நேற்று சிவந்ததும் இரண்டு வேளையை மூன்றாக்கினேன்.

"என்ன மாமா, வாயத் திறக்க மாட்டேங்கறீங்க? உள்ள சீழ் கோத்துக்கிச்சா?"

"சும்மா இரு மாப்ள. காய்ச்சல் அடிக்குதா?"

"காய்ச்சல் தெரியல. நெஞ்சுதான் அடிக்குது."

என்னோடு சாரத்தில் நின்றவன் ஒருவன், ஆணி குத்திய புண்ணை அசட்டையாக விட்டுக் காலையே இழந்தான். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. குனிந்து மோந்து பார்த்தேன். களிம்பு வாசம்தான் வந்தது. மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "என் தம்பிய ஒப்படைச்சேனே, என்னங்க பண்ணீங்க?" என்றாள். ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறைக்கு வந்த டாக்டர் நின்றபடியே பார்த்தார். "சீழ் பிடிச்ச மாதிரி இருக்கு. ரெண்டு தையலப் பிரிச்சு உள்ள பாத்துடலாம். ரெடி பண்ணுங்க சிஸ்டர், வந்துடறேன்" என்று வார்டுக்குப் போனார்.

நர்ஸ் தட்டை எடுத்து வைத்தார். கத்தரிக்கோல் தட்டில் விழுந்த சத்தத்துக்கு மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடி இறுகியது. லாரி ஸ்டியரிங் பிடித்த கை.

"வலிக்குதா, அரிக்குதா?" என்றார் நர்ஸ்.

"அரிப்பு உயிர் போகுது சிஸ்டர். வலி அவ்வளவா இல்ல."

வெப்பமானியை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. விளக்கை இழுத்துக் கிட்டே வைத்து, சிவப்பின் ஓரத்தைக் கண்ணாலேயே சுற்றி வந்தார்.

"என்ன இது, கட்டம் போட்ட மாதிரி நாலு மூலையும் நேரா இருக்கு? மருந்து யாரு போடறது?"

"நான்தாங்க."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சுவர் பூசற வேலை."

"அதானே பாத்தேன்! சீழ் பிடிச்சா கண்டபடி பரவும். உங்கள மாதிரி மட்டம் பாத்து ஓரம் கட்டாது." கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

டாக்டர் இந்த முறை உட்கார்ந்து பார்த்தார். உறை மாட்டிய விரலால் சிவப்பின் ஓரத்தைத் தடவினார். ஒவ்வொரு தையலாக அழுத்தினார். ஏழாவது வரைக்கும் மாப்பிள்ளை மூச்சு விடவில்லை. நானும்தான்.

"தையல் வாய் சுத்தமா இருக்கு. களிம்புதான் இவருக்கு ஒத்துக்கல. பூசப் பூச ஏறியிருக்கு. இன்னையோட நிறுத்துங்க. பிரிக்க வேண்டாம். ஆனா காய்ச்சல் வந்தாலோ, சீழ் வந்தாலோ உடனே வரணும்."

"அப்ப இது புண்ணு வேலை இல்ல, எங்க மாமா வேலையா?" என்றான் மாப்பிள்ளை.

"ஆமாப்பா. நல்ல வேலைக்காரர்" என்றார் நர்ஸ்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இனிமே எங்க போனாலும் இந்த மருந்து இவருக்கு ஆகாதுன்னு சொல்லணும்" என்றார் டாக்டர். நர்ஸிடம் பேனா வாங்கி, களிம்புக் குழாயில் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் மாப்பிள்ளை சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் கட்டிலை விட்டு இறங்கியிருந்தான்.