திரிஷா வரையாம விட்ட வீடு

கோம்பையில ஏழாங்கிளாஸ் படிக்கிற திரிஷா வீட்டுப்பாடத்துல வரையாம விட்டதால, அவ பெரியப்பா அழகரோட வீடு ஒரு புதன்கிழமை மத்தியானம் தெருவுல இல்லாமப் போச்சு. இடியலை, சரியலை, புழுதி கிளம்பலை. சமூக அறிவியல்ல வரைபடம்னு ஒரு பாடம் உண்டு. அதுக்கு எப்சிபா டீச்சர் குடுத்த வேலை, அவுகவுக தெருவைக் காலால எட்டு வச்சு அளந்து சார்ட்டுல வரைஞ்சுட்டு வரணும்ங்கிறது. டீச்சர் போடியிலருந்து தெனமும் பஸ்ஸுல வர்றவுக, இந்தத் தெரு அவுகளுக்குப் பழக்கமில்ல. திரிஷாவோட சார்ட்டு சுத்தமா இருந்துச்சு. வேப்பமரம், அடிகுழாய், டிரான்ஸ்பார்மர் எல்லாத்துக்கும் கலர் குடுத்திருந்தா. டீச்சர் சிவப்பு மையில ஒரு டிக் போட்டு, மிக நன்றுன்னு எழுதினாக. அந்த நேரத்துக்குத்தான் வீடு போயிருக்கணும்னு பின்னாடி தெருவுல பேசி முடிவு பண்ணினாக.

அந்தப் பிள்ளை வேணும்னு விடலை. அழகரும் அவரு தம்பி நாகராஜும், அதாவது திரிஷாவோட அப்பாவும், பேச்சை நிறுத்தி மூணு வருசமாச்சு. அவுகப்பன் பக்கம் பக்கமாக் கட்டி வச்ச ரெண்டு வீடு, ஆளுக்கொண்ணு. நடுவுல ஒரு சந்து. மழை பேஞ்சா ரெண்டு கூரைத் தண்ணியும் அதுலதான் விழும். அந்தச் சந்து பூராவும் என்னுதுன்னு அண்ணன் சொல்ல, பூராவும் என்னுதுன்னு தம்பி சொல்ல, கேசு உத்தமபாளையம் வரைக்கும் போச்சு. பேச்சு நின்னுபோன வீட்டுல கை நனைக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. அந்த வீட்டைத் தாண்டும்போது பிள்ளைக மொகத்தை எதிர்ப்பக்கமாத் திருப்பிக்கிட்டு வெரசா நடக்கணும். இதை ஆரும் சொல்லித் தர்றதில்ல, தானா வந்துரும். தெருவை அளந்த அன்னைக்கி திரிஷா தன் வீட்டு வாசல் வரைக்கும் ஒழுங்கா எட்டு எண்ணிக்கிட்டு வந்தா. பெரியப்பா வீடு வந்ததும் பழக்கத்துல மொகம் திரும்பிருச்சு, எண்ணிக்கையும் நின்னுபோச்சு. அதுக்கு அங்கிட்டு இருக்கிற தையக்கார ஜெபராணி வீட்டுலருந்துதான் மறுபடி எண்ண ஆரம்பிச்சா. சார்ட்டுல வெத்தா இடம் கெடந்தா நல்லாருக்காதுன்னு தன் வீட்டைக் கொஞ்சம் நீட்டி ஜெபராணி வீட்டோட ஒட்ட வச்சுட்டா.

அழகருக்கு ஒரே மக, சிம்ரன். ஆறாங்கிளாஸ். சாயங்காலம் பையைத் தூக்கிக்கிட்டு வந்தவ தெருவை ரெண்டு தரம் மேலயும் கீழயும் நடந்து பார்த்துட்டு, அடிகுழாய்கிட்ட பையை வச்சுட்டு நின்னுட்டா. கூட்டம் கூடுச்சு. வீடு இருந்த இடத்துல குழி இருந்திருந்தா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லியிருப்பாக. அங்கன இடமே இல்ல. நாகராஜ் வீட்டுச் செவுரும் ஜெபராணி வீட்டுச் செவுரும் பொறந்ததுலருந்து ஒட்டிப்பொறந்த மாதிரி நின்னுச்சு. வீட்டுவரி எழுதுற ஆளு வந்து பார்த்துட்டு, வீடு இல்லாட்டியும் இந்த வருச வரி உண்டுன்னு சொல்லிட்டுப் போனாரு. ஜெபராணி அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டுப் படுக்க வச்சா. மறுநாள் விடிகாலை ஏலக்காத் தோட்டத்துக்கு ஆளேத்துற ஜீப்பு விஜயகுமார், சிம்ரனோட அம்மா மகாலட்சுமியைக் கூப்பிட வழக்கமா ஹாரன் அடிக்கிற இடத்துல அடிச்சுப் பார்த்தான். வாசல் எதுன்னு பிடிபடாம, வராத ஆளுக்குக் காத்திருக்க முடியாதுன்னு கம்பம்மெட்டு ஏறிப் போயிட்டான்.

போன் மட்டும் கிடைச்சுச்சு. ஜெபராணி போன்லருந்து சிம்ரன் கூப்பிட்டா, அவ அம்மா எடுத்துட்டா. புதன்கிழமை தோட்டத்துக்குப் போகாம அவ வீட்டுலதான் இருந்திருக்கா. வீடு வீடாத்தான் இருக்காம். கரண்டு இருக்காம், டிவி ஓடுதாம். கதவைத் தெறந்தா வெளிய ஒண்ணுமில்லையாம், வெள்ளையா இருக்காம், நோட்டுல எழுதாத பக்கம் மாதிரி. அழகர் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து வெளிய வீசிப் பார்த்திருக்காரு. விழுந்த சத்தமே கேக்கலை. அதுக்கப்புறம் வாசப்படியில நாக்காலியைக் குறுக்கப் போட்டு வச்சிருக்காரு, தூக்கக் கலக்கத்துல ஆரும் எறங்கிரக் கூடாதுன்னு. அரிசி இருக்கு, அவரு சுகர் மாத்திரை கொஞ்சந்தான் இருக்கு, சிலிண்டர் எப்ப வேணும்னாலும் தீரும், நீ போய்ப் படிக்கிற வேலையைப் பாரு, ஜெபராணி அக்காவுக்குப் பாத்திரம் கழுவிக் குடுன்னு மகாலட்சுமி சொன்னா.

நாகராஜுக்கு அந்த வாரம் லாபமாத்தான் இருந்துச்சு. பிள்ளை சார்ட்டுல வீட்டை நீட்டுனதுனால அவரு வீட்டுல ஒரு ரூம்பு கூடியிருந்துச்சு. சிமெண்டுத் தரை, ஒரு சன்னல். ஏன் எதுக்குன்னு கேக்காம ஒரு பல்பு வாங்கி மாட்டுனாரு. மருந்தடிக்கிற மிசினு, மாடு ஓட்டுற தார்க்கம்பு, பால் மறந்த கன்னுக்குட்டி எல்லாத்தையும் அதுல கொண்டுபோயி விட்டாரு. பக்கத்து வீட்டைப் பத்தி ஆராச்சும் கேட்டா, பக்கத்துல எப்ப வீடு இருந்துச்சுன்னு கேட்டாரு. ஆனா அந்த ரூம்புச் செவுத்துக்குள்ளருந்து சத்தம் வந்துச்சு. அண்ணன் இருமுறது, மதினி தாளிக்கிறது, குக்கர் விசில் எல்லாம். நாகராஜ் தன் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சாரு. அவரு பொண்டாட்டி பூமாரி காலையில இட்லி ஊத்தும்போது நாலஞ்சு கூட ஊத்தி, ஜெபராணிக்கிட்ட குடுத்துட்டு வான்னு திரிஷாக்கிட்ட தூக்குவாளியைக் குடுப்பா. ஆருக்குன்னு அவளும் சொல்லலை, இவளும் கேக்கலை.

டீச்சர் நல்ல சார்ட்டா எடுத்துக் கிளாஸ் செவுத்துல மாட்டினப்பத்தான் திரிஷாவுக்கு வெளங்குச்சு. தெருவுல இப்ப நிக்கிறது அவ வரைஞ்ச தெரு. இன்டர்வல்ல டீச்சர்கிட்ட போயி அழுதுக்கிட்டே சொன்னா. டீச்சர் சார்ட்டை எறக்கிப் பார்த்தாக. ரப்பரால அழிச்சா ஸ்கெட்ச் போகலை, மேல இருக்கிற சிவப்பு டிக்கும் போகலை. இதைக் கிழிச்சா தெருவே போனாலும் போயிரும், புது சார்ட்டு போட்டுத்தான் ஆகணும்னாக. அன்னைக்கே ஒரு பேப்பர்ல குத்துமதிப்பா வீட்டை வரைஞ்சு, டீச்சர்கிட்ட டிக் வாங்கிப் பார்த்தா திரிஷா. கொஞ்ச நேரத்துல அழகர் வீட்டு மாடிப்படி மட்டும் ஜெபராணி வீட்டுக் குளியலறைக்கு மேல வந்து நின்னுச்சு. பதறிப்போயி பேப்பரைக் கிழிச்சதும் படி போயிருச்சு. அளக்காம எதையும் வரையக் கூடாதுன்னு நான் சொன்னது மார்க்குக்காக இல்ல ஆத்தான்னு டீச்சர் சொன்னாக. வீட்டு அளவெல்லாம் அழகரே உள்ள அளந்து போன்ல சொல்லிட்டாரு. சந்தோட அளவுதான் கிடைக்கலை. சந்து இப்ப உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. அது தெரியாம வரைஞ்சா வீடு எங்கன வந்து உக்காரும்னு சொல்ல முடியாது. திரிஷா அப்பாகிட்ட கேட்டா. அவரு சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

திங்கக்கிழமை மத்தியானம் குக்கர் விசில் கேக்கலை. நாகராஜ் கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டுற சாக்குல அந்த ரூம்புக்குப் போயி நின்னுக்கிட்டிருந்தாரு. தாளிக்கிற சத்தமும் இல்ல. டிவியை அமத்திட்டு வந்து மறுபடி நின்னாரு.

அன்னைக்கித்தான் எப்சிபா டீச்சர் ஏழாங்கிளாஸ் மொத்தத்தையும் கூட்டிக்கிட்டுத் தெருவுக்கு வந்தாக. களப்பயணம்னு பள்ளிக்கூடத்துல எழுதி வச்சுட்டு வந்திருந்தாக. ஜெபராணி தன் அளவு டேப்பைக் குடுத்தா. பிள்ளைக ஒவ்வொரு வீடா அளந்து, கத்தி, சண்டை போட்டு, நாகராஜ் வீட்டு வாசலுக்கு வந்து நின்னாக. சிம்ரனும் போனைப் பிடிச்சுக்கிட்டு வந்திருந்தா. வாசல் பக்கம் வரலை, தெருவுலயே நின்னா. நாகராஜ் நெலைக்கதவுல கையை ஊனிக்கிட்டு நின்னாரு.

"சந்து எம்புட்டுன்னு நான் கோர்ட்டுல சொல்லிக்கிறேன் டீச்சர்."

"கோர்ட்டுல சொல்றதுக்குள்ள பெரியம்மா செத்துப்போகும்ப்பா" அப்படின்னா திரிஷா.

ஸ்பீக்கர்ல போட்டிருந்த போன்ல அழகர் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. "ஆத்தா திரிஷா, உங்கப்பன்கிட்டயே கேளு. பூரா சந்தும் தன்னுதுன்னு எழுதிக் குடுத்தவனுக்கு அளவு தெரியாதா?"

"மொதல்ல எழுதிக் குடுத்தது ஆருன்னு கேளு."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நான்தான்னு சொல்லு."

பின்னாடி நின்ன பிரின்ஸுங்கிற பையன், ரெண்டு பேரும் ஒரே போன்லதான டீச்சர் பேசுறாக, நடுவுல திரிஷா எதுக்குன்னு கேட்டான். பிள்ளைக சிரிச்சாக. டீச்சர் அவனை மொறைச்சாக. கிளறிக் கேட்டதுல கடைசியில தெரிஞ்சது, ரெண்டு பேருக்குமே அளவு தெரியாதுங்கிறதுதான். ஆளாளுக்குப் பூராவும் என்னுதுன்னு எழுதிக் குடுத்ததுல, பூரான்னா எம்புட்டுன்னு ஆரும் டேப்பு பிடிச்சுப் பார்க்கலை. டீச்சர் நெத்தியைத் தொடைச்சாக.

"சின்னப்பிள்ளையில அந்தச் சந்துல மேல ஏறுவோம்ல" அப்படின்னாரு அழகர். "முதுகை உன் செவுத்துல குடுத்து, காலை எஞ்செவுத்துல குடுத்து. முட்டி லேசா மடங்கும்."

நாகராஜ் நெலைக்கதவுலருந்து கையை எடுத்தாரு. "அது உங்களுக்கு. எனக்குக் கால் எட்டாது. பாதியில தொங்குவேன், நீங்கதான் எறக்கி விடுவீக."

"எனக்கு அப்ப சிம்ரன் வயசிருக்கும்டா."

எல்லாரும் சிம்ரனைத் திரும்பிப் பார்த்தாக. அவளுக்கு அவுகப்பன் காலு, நெட்டைக் காலு. மூணு வருசமா அவ அந்த வாசப்படியை மிதிச்சதில்ல, இப்பவும் அசையாமத்தான் நின்னா. நாகராஜ் வாசல்ல கெடந்த செருப்பையெல்லாம் காலால ஒதுக்கித் தள்ளிட்டு, வந்து உக்காரு ஆத்தான்னாரு. சிம்ரன் போனைத் திரிஷாகிட்ட குடுத்துட்டு ஏறி வந்து, செவுத்துல முதுகைச் சாச்சுக் காலை நீட்டுனா. போன்லருந்து அழகர், அம்புட்டு நீட்டாத, கொஞ்சம் மடக்கு, இன்னும் கொஞ்சம், ஆங், அம்புட்டுத்தான்னாரு, ஏதோ கண்ணால பாக்குற மாதிரி. நாகராஜும் குனிஞ்சு பார்த்துட்டு, அம்புட்டுத்தான்னு சொன்னாரு. திரிஷா செவுத்துலருந்து குதிகால் வரைக்கும் டேப்பு பிடிச்சா. பிரின்ஸ் அதைக் கையில பேனாவால எழுதிக்கிட்டான்.

பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குத் திரும்புறதுக்கு முன்னாடியே நாகராஜ் மருந்து மிசினையும் தார்க்கம்பையும் தூக்கி வெளிய வச்சாரு. கன்னுக்குட்டியை அவுத்து வேப்பமரத்துல கட்டுனாரு. பல்பைக் கழட்டி எடுத்துக்கிட்டாரு. ரூம்பு போற நேரத்துல உள்ள ஆரும் இருக்கக் கூடாதுன்னு பூமாரியையும் வெளிய கூப்பிட்டு நிப்பாட்டிக்கிட்டாரு. கிளாசுல தரையில சார்ட்டை விரிச்சுத் திரிஷா வரைஞ்சா, சிம்ரன் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா. மூணு வருசமா ஏறெடுத்துப் பாக்காத வீட்டுக்கு எத்தனை சன்னல், என்ன கலருன்னு திரிஷாவுக்குத் தெரியலை. டிக் போடுறதுக்கு முன்னாடி டீச்சர் எல்லாப் பிள்ளையையும் கூப்பிட்டு, விட்டுப்போனது எதுவும் இருக்கான்னு பாக்கச் சொன்னாக. அடிகுழாயிலருந்து நாய் படுக்கிற இடம் வரைக்கும் பார்த்துச் சொன்னதுக்கப்புறம்தான் சிவப்புப் பேனாவைத் தெறந்தாக.

வீடு வந்துருச்சு. மகாலட்சுமி வெளிய வந்து வெயில் கூசிக் கண்ணை மூடிக்கிட்டு நின்னா. பூமாரி சொம்புல கஞ்சி கொண்டாந்து நீட்டுனா, வாங்கிக் குடிச்சுட்டு உப்பு பத்தலைன்னா. வீட்டுல ஒண்ணு ரெண்டு கொறை இருந்துச்சு. அடுப்படியில பின்சன்னலைச் சொல்ல சிம்ரன் மறந்துட்டா, அதனால அங்கன வெறுஞ்செவுருதான் இருந்துச்சு. ஆளு வச்சு ஒடைச்சுச் சன்னல் வச்சாக. முன்கதவு பச்சை, ஆனா ஸ்கெட்ச் பச்சை. கோடு கோடா, நடுநடுவுல வெள்ளை தெரியும். எத்தனை மழை பேஞ்சும் கரையலை, பெயிண்டு அடிச்சாலும் ஒட்டலை. விட்டுட்டாக. கரண்டு கணக்கெடுக்க வந்தவரு, தெருவுல வீடே இல்லாத வாரத்துலயும் மீட்டர் ஓடியிருக்கேன்னு சொல்லி அதையும் சேத்துத்தான் எழுதுனாரு. கேசு இன்னும் முடியலை. வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸுல போறாக, முன்சீட்டுல ஒருத்தரு, பின்சீட்டுல ஒருத்தரு. டிக்கெட்டு ஆரு முந்துறாகளோ அவுக எடுத்துர்றாக.

இப்ப வருசா வருசம் அந்த வீட்டுப்பாடம் குடுக்கிற வாரத்துல தெருவுக்குள்ள பிள்ளைகளுக்கு நல்ல மரியாதை. எட்டு எண்ணிக்கிட்டு வர்ற பிள்ளையைக் குறுக்க பேசிக் கொழப்பக் கூடாதுன்னு சைக்கிள்ல போறவுக எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறாக. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கவுக, துபாய்ல வேலை பாக்குறவுக, வருசக்கணக்கா ஊருக்கு வராதவுகளெல்லாம் ராத்திரி ஷிப்டு முடிஞ்சு போன் போட்டு, எங்க வீட்டைப் போட்டாகளான்னு கேட்டுக்கிறாக. பூட்டிக் கெடக்கிற வீடுன்னாலும் போட்டாச்சுன்னு பதில் வந்தாத்தான் அவுக தூங்கப் போறாக.

இந்த வருசம் அந்தத் தெருவை அளக்க வந்தது எப்சிபா டீச்சர்கிட்ட புதுசாப் படிக்கிற தேவயானிங்கிற பிள்ளை. நாகராஜ் வாசல்ல கட்டிலைப் போட்டு உக்காந்திருந்தாரு. பிள்ளை எட்டு வச்சு வந்து கட்டில் கால்ல இடிச்சு நின்னுச்சு.

"பக்கத்து வீட்டைப் போட்டியாத்தா?"

"போட்டுட்டேன் மாமா."

"சந்து?"

"அதுவும் போட்டுட்டேன்."

"அப்பச் சரி, எங்க வீட்டைப் போடு" அப்படின்னு சொல்லிட்டு, அந்தப் பிள்ளைக்கு வழி விட்டு நாகராஜ் கட்டிலை இழுத்துப் போட்டுக்கிட்டாரு.