பேராசிரியரின் சுத்தமான மூத்திரம்

ஸ்வீடனில், உப்சாலா பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கருவிக்குப் பூஜ்யம் வைக்கப் புரதமே இல்லாத சிறுநீர் வேண்டுமென்றால், பேராசிரியர் தோர்கெல்தான் தருவார். அறுபது வயதிலும் பனிச்சறுக்கில் தொண்ணூறு கிலோமீட்டர் போகிற மனிதர். ஏதோ தீர்த்தம் கொடுப்பவர் போலக் குடுவையை நீட்டுவார்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்காக உழைத்தவள் ஈல்வா. தபால்தலை அளவில் ஒரு சில்லு செய்திருந்தாள். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சு, பூச்சு முழுக்க அல்புமின் என்ற புரதத்தின் அச்சுக் குழிகள். பிசைந்த மாவில் விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுமே, அப்படி. அல்புமின் வந்து உட்கார்ந்தால்தான் எண் ஏறும். சிறுநீரகம் கெடத் தொடங்கினால் அல்புமின் ஒழுகும். அதைச் சில்லு காட்டிக்கொடுக்க வேண்டும்.

அதுவோ நல்ல ஆரோக்கியமான ஆட்களைச் சோதித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றது.

காபி வேளையில் தோர்கெல் கிரீம் பன்னைக் கடித்தபடி கேலி செய்தார். "இருக்கறதக் காட்டச் சொன்னா, இல்லாததுக்கும் கீழ போகுதே! இயற்கையவே தோக்கடிச்சிட்ட, ஈல்வா. மே மாசம் ஆய்வேட்டச் சுவர்ல ஆணி அடிக்கணும், ஞாபகம் இருக்கா? இத வச்சுகிட்டு முடியாது. தூக்கிப் போடு."

பட்டம் வாங்கும் முன் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகச் சுவரில் சுத்தியலால் ஆணியடித்து மாட்டுவது எங்கள் ஊர் வழக்கம். நாலு வருட உழைப்பு. ஈல்வா தன் பன்னைத் தொடவே இல்லை. எனக்கு அந்த ஆள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் பன்னை வீணாக்க மனமில்லாமல் நானே சாப்பிட்டேன்.

புரதங்களைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய்களில் ஜெல் மணிகளை நிரப்புவது என் வேலை. மறுநாள் ஈல்வா என்னிடம் வந்தாள்.

"குன்வோர், அல்புமின மட்டும் பிடிச்சு வைக்கிற குழாய் ஒண்ணு வேணும்."

"யாரோடத ஊத்தப் போற?"

"நம்ம பூஜ்யத்தோடத."

தோர்கெலின் சிறுநீரைக் குழாயில் விட்டு வடித்தோம். வடிந்ததைப் பூஜ்யமாக வைத்ததும் நான் உட்பட எல்லோரும் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நின்றோம். பிறகு வடிக்காததைச் சில்லில் விட்டாள். எண் மடமடவென்று ஏறியது. அத்தனை நாளும் ஆரோக்கியத்துக்கு அளவுகோலாக நாங்கள் வைத்திருந்தது அதைத்தான்.

ஈல்வா நேரே அவர் அறைக்குப் போனாள். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன்.

"சில்லுல கோளாறு இல்ல, தோர்கெல். உங்க சிறுநீர்லதான் அல்புமின் இருக்கு."

"என் மூத்திரத்தையா சந்தேகப்படற? இந்தக் கூடமே அதுலதான் நிக்குது!"

"மிதக்குதுன்னு சொல்லுங்க" என்றேன் நான்.

"பனிச்சறுக்கு போய்ட்டு வந்தா யாருக்கும் கொஞ்சம் ஒழுகும். ஒரு வாரம் சும்மா உக்காந்துட்டு, ரெண்டு எடத்துலயும் குடுக்கறேன். உன் சில்லு பொய்னு டாக்டர் வாயாலயே சொல்ல வைக்கறேன், பாரு!"

சொன்னபடியே ஒரு வாரம் சும்மா இருந்தார். எங்களை மட்டும் சும்மா விடவில்லை. பிறகு ஒரே குடுவையிலிருந்து பாதியை ஈல்வாவிடம் தந்துவிட்டு, மீதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அந்த வியாழக்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் காபி அறைக்குள் ஓடி வந்தார்.

"ஈல்வா! ஆஸ்பத்திரியில சொன்ன எண்ணும் உன் சில்லு சொன்னதும் ஒண்ணு! அச்சு அசல் ஒண்ணு! ஜெயிச்சிட்ட பொண்ணே! எங்க அந்தச் சுத்தியல்?"

அகப்பட்டவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார். எல்லோரும் கைதட்டினோம். ஈல்வா தட்டவில்லை.

"அப்போ... உங்க சிறுநீரகம்?" என்றாள்.

தோர்கெல் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆமால்ல" என்றார்.