பழுப்புத் தாளில் ஐம்பது புள்ளிகள்

அக்கா இருபத்திரண்டு வருஷமாக ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையற்கடை. இரண்டு மெஷின், நீளமாக ஒரு வெட்டு மேசை, மூலையில் பொத்தான் தைக்கும் பெண்ணுக்கு ஒரு முக்காலி. ஒரு துணியைப் பிரித்து மறுபடி தைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள், சொந்தத் தம்பி நாலு வருஷம் கையில் போதை ஊசி போட்டுக்கொண்டு திரிந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. வெயில் காலத்தில் அவன் முழுக்கைச் சட்டை கேட்டான். ஏதோ நாகரிகம் என்று நினைத்து, ஒன்றுக்கு நாலாக அவளே தைத்துக் கொடுத்தாள்.

தம்பியை எல்லோரும் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். போதை மருந்தை விட்டுவிட்டேன், இனி வீட்டோடு இருக்கட்டுமா என்று சிகிச்சை இல்லத்திலிருந்து வந்து அவன் கேட்டபோது அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. சட்டைக்கு மாதிரி வெட்டும் பழுப்புத் தாளை மேசையில் விரித்து, அவன் இரண்டு கைகளையும் அதன்மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்தாள். பிறகு ஒவ்வொரு தழும்பையும் அங்குல நாடாவால் அளந்து, சிவப்புப் பென்சிலால் தாளில் குறித்தாள். இடது கையில் முப்பத்தொன்று, வலது கையில் பத்தொன்பது. மொத்தம் ஐம்பது.

"ஞாயித்துக்கிழமையானா வந்து காட்டணும். இந்த அம்பதுக்கு மேல ரெண்டு வருஷம் ஒண்ணும் ஏறலன்னா மாடி ரூம் உனக்கு. ஏறிச்சுன்னா அன்னையிலேர்ந்து மறுபடி ரெண்டு வருஷம்."

ஐந்தாவது மாதமே ஒன்று ஏறியது. அவன் அதன்மேல் முகப்பூச்சைத் தடவிக்கொண்டு, மருத்துவர் எழுதியதுபோல் ஒரு போலிச் சீட்டும் கொண்டுவந்திருந்தான். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். அக்கா அதைத் தாளில் புள்ளியாக வைக்கவில்லை. எச்சில் தொட்டு அழிரப்பரால் தாளின் மூலையிலிருந்த தேதியை அழித்துவிட்டுப் புதுத் தேதி போட்டாள். அவன் மறுபடி சிகிச்சை இல்லத்துக்குப் போனான், பிறகு தொழிலாளர் விடுதிக்கு, பிறகு ரொட்டித் தொழிற்சாலையில் மூட்டை தூக்கும் வேலைக்கு.

அந்தப் புதுத் தேதியிலிருந்து இரண்டு வருஷம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

காலை பதினொரு மணிக்கு வந்தான். அவசர ஆர்டர் ஒன்று இருந்ததால் பொத்தான்காரியும் கடையில் இருந்தாள்.

"வாங்க மாப்ள. இன்னைக்குத்தான் கடைசிப் பரீட்சையாமே. நல்லா படிச்சிட்டு வந்தீங்களா?"

"படிக்க என்ன இருக்கு, கைய நீட்ட வேண்டியதுதான."

"அதான் எல்லாரும் செய்றாங்க, கைய நீட்டி நீட்டித்தான் நாடே கெட்டுப்போச்சு" என்று அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

இத்தனை நாள் அக்கா எண்ணிப் பார்க்கத் தாளை எடுத்ததில்லை. தழும்புகள் இருக்குமிடம் அவளுக்கு மனப்பாடம். அவற்றை அவள் பார்க்கவே மாட்டாள். இடையிலிருக்கும் வெற்றுத் தோலில்தான் கண் மேயும். புதிதாக எதுவும் முளைக்கவில்லை என்றால் சரி, போய்ச் சாப்பிடு என்பாள். இன்று கடைசி நாள் என்பதால் முறையாகச் செய்ய நினைத்து, அலமாரிக்கு மேலிருந்த தாளை இறக்கி விரித்தாள். மெஷின் விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள். ஊசியில் நூல் கோர்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று தாளையும் கையையும் மாறி மாறிப் பார்த்து எண்ணத் தொடங்கினாள்.

இடது கையில் ஒன்பதுதான் வந்தது.

முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் ஒன்பது. அதிலும் இரண்டு, விரல் தடவினால்தான் தெரியும். வலது கையில் நாலு. சீழ் வைத்து அறுத்த இடம் மட்டும் முன்பு போலவே ஒரு விரல் நீளத்துக்குப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. முழங்கை மடிப்பில் ஓடிய கருங்கோடு, புள்ளியின்மேல் புள்ளி விழுந்து பென்சிலால் இழுத்தது போலிருந்த கோடு, காணவில்லை.

அக்காவுக்குக் காது சூடாயிற்று. ஐம்பதுக்கு மேல் ஏறினால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும். குறைந்தால் என்ன அர்த்தம் என்று அவள் யோசித்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

"என்னத்தடா பூசியிருக்க?"

"ஒண்ணும் பூசலக்கா."

"அன்னைக்கும் இதேதான் சொன்ன."

ஈரத்துணியால் துடைத்தாள். துணி வெள்ளையாகவே வந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தாள். துணிக் கறை எடுக்கும் மருந்தைப் பஞ்சில் நனைத்து, மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் அழுத்தித் தேய்த்தாள். அறை முழுக்க அந்த நெடி ஏறியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியபடியே நின்றான்.

"எரியுதுக்கா."

"எரியட்டும்."

"போதும் விடுங்க" என்றாள் பொத்தான்காரி. "இதுக்கு மேல தேச்சா ஆளே சாயம் போயிடுவான்."

பஞ்சில் எதுவும் வரவில்லை. தோல் செம்பருத்தியாகச் சிவந்து, கொஞ்ச நேரத்தில் தன் நிறத்துக்குத் திரும்பியது. அடியிலிருந்து பழைய புள்ளி ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அக்கா பஞ்சைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். துணி அவளுக்குத் தெரியும். சாட்டின் துணியில் தப்பாக ஒரு தையல் போட்டுப் பிரித்தால், அந்த ஓட்டை துணி கிழியும் நாள் வரைக்கும் இருக்கும். தோல் பையில் சொல்லவே வேண்டாம், ஒரு குத்து என்றால் ஒரு குத்துதான். இங்கே வருஷக்கணக்கில் குத்திக் கிழித்த இடத்தை, நூலுமில்லாமல் ஒட்டுமில்லாமல் எவனோ உள்ளேயிருந்து மூடிவிட்டிருக்கிறான். அதுவும் அவள் கண்முன்னால், ஒவ்வொரு ஞாயிறும் அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே நடந்திருக்கிறது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். இடது முழங்கை மடிப்பில், சுத்தமான தோலின் நடுவே, கடுகைவிடச் சிறியதாக ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் லேசான ஊதா நிறம். பழைய கையாக இருந்தால் முப்பத்தொன்றோடு முப்பத்திரண்டாக ஒளிந்திருக்கும். இந்தக் கையில் அதற்கு ஒளிய இடமில்லை.

அக்கா விரலை அதன்மேல் வைத்தாள்.

"அது நேத்து ரத்தம் எடுத்தது" என்றான். "என்னை அடுப்பு வேலைக்கு மாத்துறாங்க. சாப்பாட்டுப் பொருள்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் பரிசோதனை பண்ணிக்கணும். ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. வந்தவுடனே சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ தேய்க்க ஆரம்பிச்சுட்ட." சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான்.

அக்கா சீட்டைத் தொடவில்லை. "சீட்டு நீ முன்னாடியே கொடுத்திருக்க."

"தெரியும். அதுக்கு நான் என்ன பண்றது சொல்லு."

"செருப்பப் போடு. அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

பரிசோதனைக் கூடம் நாலு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. இருவரும் நடந்தார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். இன்னும் இரண்டு வருஷம் என்று சொல்ல நேர்ந்தால் வார்த்தை எப்படி வரும் என்று அவள் நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டே போனாள். வரும் என்றுதான் தோன்றியது. முன்பு வந்திருக்கிறதே.

ரத்தம் எடுக்கும் பெண் கடைசி ஆளை அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நேத்து இவனுக்கு ரத்தம் எடுத்தது நீங்களாம்மா?"

அந்தப் பெண் அவனைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இவரை மறப்பேனா. கையக் காட்டுங்கன்னா செருப்பைக் கழட்டிக் கால நீட்டுறாரு. கையில கிடைக்காது, கால்ல எடுங்கன்னு ஒரே அடம். முதல்ல கையக் காட்டுங்க, அப்புறம் கால் கழுவலாம்னேன்."

"எத்தனை தடவ குத்துனீங்க?"

"ஒரே தடவதான். ஏன், வீங்கிடுச்சா?"

அக்கா நின்ற இடத்தில் நின்றாள். மூணு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி. இவன் உதடு நீலமாகிக் கிடந்தான். இரண்டு செவிலியர், அப்புறம் ஒரு டாக்டர், ஒரு மணி நேரம் இரண்டு கையிலும் காலிலும் தேடினார்கள். நரம்பெல்லாம் காய்ந்த கயிறாகக் கிடந்தது. கடைசியில் கழுத்தில்தான் கிடைத்தது. தலையைத் திருப்பி அசையாமல் பிடித்துக்கொண்டவள் இவள்தான். இந்தக் கையில் இனி எதுவும் ஓடாது என்று அன்றைக்கு அந்த டாக்டர் சொன்னார்.

"இவனுக்குக் கையில நரம்பே கிடையாதும்மா. எல்லாம் அடைச்சுப் போச்சு."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவனை உட்காரச் சொல்லி, தோளுக்குக் கீழே ரப்பர் பட்டையைக் கட்டி, "கைய மூடுங்க" என்றாள்.

மெதுவாக அது எழுந்தது. சிவப்புப் புள்ளிக்கு அடியில் தோலைத் தூக்கிக்கொண்டு, பச்சையாக, சின்ன விரல் பருமனுக்கு.

"தொட்டுப் பாருங்க."

அக்கா தொட்டாள். அழுத்தினால் அமுங்கியது, விட்டால் எழுந்தது. ஆயிரம் துணியைத் தொட்ட விரலுக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை. மறுபடி அழுத்தினாள், மறுபடி எழுந்தது. உள்ளே ஏதோ போய்க்கொண்டே இருந்தது, யாரையும் கேட்காமல்.

"அடைச்சது எப்படித் திறக்கும்?"

"அதே திறந்துச்சா, பக்கத்துல வேற ஒண்ணு வழி போட்டுக்கிச்சா, எனக்குத் தெரியாதுங்க. எல்லாருக்கும் ஆகாது. சில பேருக்கு ஆகும். சும்மா விட்டா அதுவா வேலையப் பாத்துக்கும்."

"இவ்ளோ நாளா?"

"இவ்ளோ நாளா."

பட்டையை அவிழ்த்ததும் நரம்பு உள்ளே அடங்கியது. தம்பி தன் கையையே வேற்று ஆளின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக அவனும் அதைச் சரியாகப் பார்த்ததில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. காட்டுவதற்காகவே வைத்திருந்த கை.

படியிறங்கி வெளியே வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் பழக்கதோஷத்தில் சட்டைக் கையை இறக்கப் போனான்.

"விடு, புழுங்கும்" என்றாள்.

இறக்கியதை மறுபடி மடித்துவிட்டுக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான், "தாள்ல அதைக் குறிப்பியா? அம்பத்தொண்ணுன்னு?"

"எங்க அம்பது? பதிமூணுதான் இருக்கு. கணக்குத் தெரியாத கழுதை."

"அப்போ?"

"உன் பை எங்க?"

"விடுதியில."

"போய் எடுத்துட்டு வா. மாடி ரூம்ல துணி மூட்டை கிடக்கு, அதைக் கீழ இறக்கிப் போட்டுக்க. முதுகு வலிக்குதுன்னு என்னைக் கூப்பிடாத."

அவன் நின்றுவிட்டான். "இனிமே ஞாயித்துக்கிழமை காட்ட வேணாமா?"

"யாரு சொன்னா வேணாம்னு? சாகுற வரைக்கும் காட்டணும்." அவனைத் தாண்டி நாலடி நடந்தவள் திரும்பி வந்து, தெரு என்றும் பார்க்காமல் அவன் முழங்கை மடிப்பில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"போடா" என்றாள். "ரெண்டு மணிக்கெல்லாம் சோறு ஆறிடும்."