திருட்டு ரம்மி

என் நாத்தனார் சீட்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விருட்டென்று எழுந்தாள். "அண்ணி, நீங்க என் சீட்டைப் பாக்குறீங்க!"

ஞாயிற்றுக்கிழமை ரம்மி. மேசையைச் சுற்றி நான், என் வீட்டுக்காரர், நாத்தனார், அவள் புருஷன். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆட்டம் நடக்கிறது, சண்டையும்தான். ஆனால் யாரும் யாருக்கும் திருட்டுப் பட்டம் கட்டியதில்லை.

"பாத்து ஜெயிக்கிற அளவுக்கு உன் சீட்டு என்னிக்கு நல்லா இருந்துச்சு?" என்றேன்.

"பேச்சை மாத்தாதீங்க. கொஞ்ச நாளாவே கவனிக்கிறேன். சீட்டு உங்க கையில, கண்ணு என் பக்கம் மேயுது."

மேய்ந்தது உண்மைதான். வயதானால் வரும் விழித்திரைக் கோளாறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓரமெல்லாம் தெரியும், நேராக எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் அழிந்துபோகும். அழகாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு வாங்கி வைத்தேன். அதையும் நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நாத்தனாரின் தோள்பக்கம் பார்த்தால், என் கையிலிருக்கும் ஹார்ட்டின் ராணி ஓரக்கண்ணில் வந்து நிற்பாள்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதற்கே என் வீட்டுக்காரர் மாடிப்படியைத் தடை செய்துவிட்டார். மொட்டை மாடி இன்னும் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. கண் என்றால் கேட்கவே வேண்டாம், சீட்டுக்கட்டு பரணுக்குப் போய்விடும். இந்த ஆட்டமும் போனால் எனக்கு வாரத்தில் என்ன மிச்சம்?

திருடி என்று ஒப்புக்கொண்டாலும் ஆட்டம் போச்சு, கண் தெரியவில்லை என்றாலும் போச்சு. திருடி என்ற பெயரோடு போக மட்டும் மனசு வரவில்லை.

"உன் சீட்டைப் பாக்கலம்மா. உன்னைப் பாத்தாத்தான் என் சீட்டு தெரியுது." விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

என் வீட்டுக்காரர் உடனே கை நீட்டினார். "சீட்டைக் குடு. இனிமே கண்ணுக்குச் சிரமம் வேணாம், ரெஸ்ட் எடு."

நாத்தனார் அவர் கையைத் தட்டிவிட்டாள். "சும்மா இருண்ணா." என் எதிரே வந்து குனிந்தாள். "நேரா பாருங்க அண்ணி. என்ன தெரியுது?"

"காது, தோடு, முடி. மூஞ்சி இல்ல."

"இத்தனை வருஷமா நீங்க வேண்டிக்கிட்டது நடந்துருச்சு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

பிறகு தன் இடத்துக்கே போய் உட்கார்ந்து, சீட்டுகளை மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள்.

"வேணுங்கிறப்ப நான் ஓரத்தைத் தூக்கிப் பாத்துக்கறேன். நீங்க என்னையே பாத்துக்கிட்டு ஆடுங்க."