ஈரக் கால்சட்டையும் ஒரு பொன்னாடையும்

1
இந்தக் கதை பிறந்தது எரிச்சலில். பினாங்கு ஜார்ஜ்டவுனில் நம்மவர் நடத்தும் எந்த நாடகத்துக்குப் போய் வந்தாலும் நாடகம் நினைவில் நிற்பதில்லை. யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்பதுதான் நிற்கிறது. 'மேயரின் சலவைக்காரி' என்ற பிரெஞ்சு ஒபெரெட்டாவும் (சிரிப்புப் பாட்டு நாடகம்) அதன் மேடைச் சரித்திரமும் என் கற்பனை. தேடிக் களைக்காதீர்கள்.

2
("பாரிஸில் அன்று மழை பெய்துகொண்டு..." வேண்டாம். நான் பாரிஸைப் பார்த்ததில்லை.)

மேயர் சலவைக்காரியைக் கட்டிக்கொள்ளத் துடிக்கிறார். கடைசிப் பாட்டில் அவள், "உங்கள் கால்சட்டையை நீங்களே துவையுங்கள்" என்று மறுக்கிறாள். பாரிஸில் முதல் நாளே அந்தப் பாட்டை வெட்டினார்கள். முன்வரிசையில் நிஜ மேயர். லண்டனில் கதையை மாற்றி அவளை அந்த நாடக மேயருக்கே கட்டிவைத்தார்கள். சைகோனில் பாட்டுக்கு முன் ஆளுநர் எழுந்து கிளம்பினார், கூடவே சபையும் கிளம்பியது. ஆக, அந்தப் பாட்டை எந்த மேடையும் கேட்டதில்லை.

3
பினாங்கில் அதைத் தமிழில் பாட வந்தவள் ரோசலின். பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை. தேவாலயப் பாடகர் குழுவில் எப்போதும் பின்வரிசை. இந்த ஒரு பாட்டையாவது தனியாகப் பாடிவிட வேண்டும் என்று ஏங்கினாள். (அவளை அப்பாவியாக எழுதிப் பார்த்தேன். சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

கடைசிக் காட்சி. வாளியிலிருந்து கால்சட்டையை எடுத்தாள், கீபோர்டு தொடங்கியது, அரங்க விளக்குகள் எல்லாம் எரிந்தன. தலைமை விருந்தினர், டத்தோ என்ற அரசுப் பட்டம் வாங்கியவர், வந்துவிட்டார், வழக்கம்போலத் தாமதமாக. சங்கத் தலைவர் ஆனந்தராஜா மைக்கோடு மேடைக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, கடைசிப் பாட்டு இன்னும் பாடலையே!" என்றாள் ரோசலின்.

"பாட்டு எங்கயும் ஓடிடாது லா. டத்தோ ஓடிடுவாரு! ஹாலயும் பூட்டப் போறாங்க."

டத்தோ பேசினார். தமிழ்க்கலை அழிந்துகொண்டே வருகிறதாம்.*

* யார் அழிக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

4
அடுத்து பொன்னாடை. அதைக் காணோம். முதலில் காரிலிருந்து இறங்கிய கோட்டுக்காரரை டத்தோ என்று எண்ணி, வாசலிலேயே போர்த்திவிட்டிருந்தார் ஆனந்தராஜா. அவர் டத்தோவின் டிரைவர். பொன்னாடையோடு 'நாசி கண்டார்' சோற்றுக் கடைக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

டத்தோவுக்கு இது தெரியாது. பழகிய கழுத்து தானாகக் குனிந்தது. கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரோசலின், எதையாவது போர்த்தி விடு லா!" என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

5
முடிவு அ: அவள் தன் தோள் சால்வையைப் போர்த்துகிறாள். கைதட்டல். (இதுதான் நடக்கும். நம்மவர்களை எனக்குத் தெரியாதா? தூ.)

முடிவு ஆ: அவள்...

ரோசலின் டத்தோவின் பட்டுச் சட்டையைப் பார்த்தாள். கையிலிருந்த கால்சட்டையைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீபோர்டுக்காரர் விரல்களைக் கட்டைமேல் வைத்துக் காத்திருந்தார்.

நான் எழுதினால் சால்வையைத்தான் எடுக்க வைப்பேன். அடுத்த மாதம் இதே சங்கத்தில் எனக்கும் ஒரு பொன்னாடை இருக்கிறது. அதனால் நீங்களே எழுதுங்கள். சீக்கிரம், அவர் இன்னும் குனிந்தபடியே நிற்கிறார்.